பண்ணையாளுக்குக் கிடைத்தது பட்டாளத்தானுக்கு இல்லையா?



திருத்துறைப்பூண்டியிலே, கிழக்கு வெளுக்கும் முன்னே முள்ளியாற்றுப் பக்கம் வந்து பாருங்கள். இளைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். உழவன் வீட்டுப் பிள்ளை, கூலிக்காரன் வீட்டுப் பிள்ளை! பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும்போது 1.6 கிலோமீட்டரைக் குறித்த நேரத்தில் ஓடிக் கடக்க வேண்டும். அதற்கான ஓட்டம் அது. அதைக் கண்டு நம் நெஞ்சு நிமிர்கிறது. ஓடி எங்கே போய்ச் சேரப்போகிறான் என்று எண்ணும்போதோ, நெஞ்சு கனக்கிறது.

பட்டாள வேலை என்பது குடியரசு நாள் அணிவகுப்பு மட்டுந்தானா? விடியுமுன் உடற்பயிற்சி, வெயிலில் கவாத்து, நள்ளிரவில் பாரா. ராஜஸ்தான் மணலில் கொதிப்பு, சியாச்சின் பனியில் உறைவு. 2016 பிப்ரவரி 3-இல் அந்தச் சியாச்சினிலே பனி சரிந்து, 19-ஆவது மதராஸ் படைப்பிரிவு வீரர் 10 பேரைப் பலி கொண்டது. அவர்களில் 4 பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். துப்பாக்கி வெடிக்கவில்லை, ஆனால் உயிர் போயிற்று!

போர் இல்லாத நாளிலும் அவனுக்கு ஓய்வில்லை. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நம் நாகைக் கரையைச் சூறையாடியபோது, பிணம் அகற்றவும் பாதை அமைக்கவும் வந்தவர்களிலே பட்டாளத்தானும் இருந்தான். நம் கண்ணால் கண்டோமே, மறக்க முடியுமா?

அத்தகைய வேலைக்கு 2022 ஜூன் 14-இல் டில்லி அறிவித்த திட்டத்தின் பெயர் 'அக்னிபத்'. பதினேழரை வயதில் வா, நாலாண்டு நில், பிறகு நூற்றுக்கு 25 பேருக்கு மேல் இடமில்லை, மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றது அந்த அறிவிப்பு. முதலாண்டுச் சம்பளம் மாதம் 30,000 ரூபாய். கையில் கிடைப்பது 21,000. வெளியேறும்போது ஏறத்தாழ 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாய். வட்டியை நீக்கிப் பாருங்கள், அதில் சரிபாதி அவன் சம்பளத்திலே பிடித்த பணம்! ஓய்வூதியம் இல்லை. பணிக்கொடை இல்லை. 'முன்னாள் படைவீரர்' என்ற பெயர்கூட இல்லை. பழைய முறையிலே 15 ஆண்டு பணி செய்த சிப்பாய்க்கு ஓய்வூதியம் உண்டே!

"பட்டாளம் இளமையாக வேண்டும், ஓய்வூதியச் சுமை ஏறிவிட்டது" என்கிறார்கள். சுமை பொய்யல்ல. 2023-24 வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்புக்கு ஒதுக்கியது 5 லட்சத்து 94 ஆயிரம் கோடி. அதில் ஓய்வூதியம் 1 லட்சத்து 38 ஆயிரம் கோடி. ஒப்புக்கொள்கிறோம். 48 லட்ச ரூபாய் காப்பீடு உண்டு என்பதையும் மறைக்கவில்லை. ஆனால், அது செத்தவன் வீட்டுக்கு வரும் பணம். உயிரோடு திரும்புகிற 75 பேர் கதி என்ன? துணைப்படைகளில் 10 விழுக்காடு ஒதுக்கீடு என்றார்கள். ஒதுக்கீடு வாசல் திறப்பது, வேலை கொடுப்பதல்ல!

தோழர்களே, இது நமக்குப் புதிய கதையா? நம் தஞ்சைத் தரணியிலே, பண்ணையார் நினைத்தால் பண்ணையாளை ஒரே நாளில் துரத்தலாம் என்றிருந்த காலம் உண்டு. செங்கொடிச் சங்கம் போராடிற்று; சிந்திய குருதி கொஞ்சமல்ல. 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காரணமில்லாமல் துரத்தாதே என்றது. அதற்கும் சந்து கண்டுபிடித்தார்கள் மிராசுதார்கள். பண்ணையாள் என்றால்தானே பாதுகாப்பு? அன்றாடக் கூலியாக்கிவிடு என்றார்கள்! நிலையான ஆளைத் தவணை ஆளாக்கும் அந்த மிராசுதார் கணக்கைத்தான் இன்று டில்லி போடுகிறது. அன்று சேற்றிலே நின்றவனுக்கு. இன்று பனியிலே நிற்பவனுக்கு!

படைமாட்சி அதிகாரத்திலே வள்ளுவர் சொன்னார்: சிறுத்துப்போதலும், தீராத மனக்கசப்பும், வறுமையும் இல்லாத படையே வெல்லும் என்று. மூன்றையும் ஒரே திட்டத்தில் சேர்த்து வைத்தால், வெற்றி எங்கிருந்து வரும்?

நாம் கேட்பது சலுகையல்ல, கூலி. விரும்புகிறவனைத் தகுதி பார்த்து முழுப் பணியில் வை. வெளியே அனுப்பினால் பணிக்கொடை கொடு, முன்னாள் வீரன் என்ற மதிப்பைக் கொடு. கிளைக்கூட்டங்களிலே இதைப் பேசுங்கள். தொழிற்சங்க மேடைகளிலே முழங்குங்கள். முள்ளியாற்றங்கரையில் ஓடுகிறானே, அவனிடம் கணக்கைக் காட்டுங்கள்.

அவன் ஓடட்டும். ஆனால், நாலாண்டு கழித்து மறுபடி வேலை தேடி ஓடும்படி விடலாமா?