கைபேசித் துணுக்கு என்று சொன்னவர்களுக்கு

சென்ற வாரம் தில்லியில் நடந்த ஒரு கருத்தரங்கில் ஜப்பானியக் கவிஞர் சாய்ஹதே தாஹியைப் பற்றிக் கட்டுரை படித்தேன். முடித்ததும் மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்து, "இவை கவிதைகள் அல்ல, இன்ஸ்டாகிராம் துணுக்குகள்" என்றார். அரங்கில் பலர் தலையசைத்தனர். இக்கவிஞரை ஆய்வுக்கு எடுக்கவிருந்த முதுகலை மாணவி ஒருவர் வெளியே வந்தபின் என்னிடம், "நான் பாஷோவுக்கே போயிடறேன் அண்ணா, யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க" என்றார். மறுமொழிக்குக் கிடைத்த இரண்டு நிமிடத்தில் சொல்ல இயலாதவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆண்டுகளைப் பார்ப்போம். சாய்ஹதே 1986இல் கோபேயில் பிறந்தவர். பதின்ம வயதில் இணையத்தில் எழுதத் தொடங்கினார் என்பது மெய்தான். ஆயினும் 2006இல் அவருக்குப் பரிசளித்தது, ஜப்பானிய நவீன கவிதையின் முதன்மை இதழாக மதிக்கப்படும் 'கெந்தாய்ஷி தேச்சோ'. முதல் தொகுப்பு 2007இல் வெளிவந்தது. மறு ஆண்டே நகாஹாரா சூயா பரிசு பெற்றது. அப்போது அவருக்கு 22 வயதுகூடக் கடக்கவில்லை. இன்ஸ்டாகிராம் தொடங்கப்பட்டதோ 2010இல். இன்னும் பிறவாத ஊடகத்திற்காக ஒருவர் துணுக்கு எழுதினார் என்று எப்படி வாதிடுவது?

புகழ்பவர்களும் பிழை செய்கிறார்கள். 2016இல் வந்த அவரது தொகுப்பொன்றை அடுத்த ஆண்டே இயக்குநர் இஷீ யூயா திரைப்படமாக்கினார். பகலில் செவிலியாகவும் இரவில் மதுக்கூடத்திலும் பணிபுரியும் பெண், கட்டடத் தொழிலாளி இளைஞன் என்னும் இருவரின் டோக்கியோ வாழ்க்கை அது. நல்ல படம். ஆனால் அம்மாந்தர்களும் அக்கதையும் இயக்குநரின் ஆக்கம். தொகுப்பில் கதையே இல்லை. படத்தைப் பார்த்துவிட்டு, கவிதைகளில் பேசுவது 'தனிமையுற்ற டோக்கியோ இளம்பெண்' என்று எழுதும் ஆய்வுக் கட்டுரைகளை என்னென்பது! தம் முகத்தையே பொதுவில் காட்டாத, புனைபெயருக்குள் நிற்கும் கவிஞர் இவர். கவிதையிலிருந்து ஆளைத் தேடிப் பிடிக்கும் நம் பழக்கத்தை அவர் வேண்டுமென்றே முறிக்கிறார்.

அவர் நடையின் கடினம் சொற்களில் இல்லை. பள்ளி மாணவரும் அறிந்த சொற்களே. ஆனால் ஒரு வாக்கியம் உரைநடைபோல் நீண்டு செல்கையில், அன்பும் சாவும் வெறுப்பும் காரணம் சொல்லாமல் அருகருகே அமர்கின்றன. வாசகர் பொருளை எட்டுமுன் வாக்கியம் வேறிடம் போயிருக்கும். இதைத்தான் 'எளிமை' என்று தள்ளிவிடுகிறோம்.

பாரதி 1916இலேயே ஜப்பானியக் கவிதையின் சுருக்கத்தை வியந்து எழுதினார். அன்று அது புதுச் செய்தி. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் தவளை, குளம், மௌனம் ஆகியவற்றுக்கு அப்பால் ஜப்பானில் கவிதையே இல்லை என்பதுபோல் நாம் பாடத்திட்டம் வகுக்கிறோம். அதைப் பாரதியின் தலையில் கட்டுவது நியாயமன்று.

இவர் எழுதியதெல்லாம் சிறப்பு என்று நான் சொல்லவில்லை. யோகோஹாமா கலை அருங்காட்சியகத்தில் 2019இல் சொற்களைத் தொங்கவிட்டுக் காட்சிப்படுத்தினார். அத்தகைய முயற்சிகளில் கவிதையைவிட அலங்காரம் மேலோங்குவதாகவே எனக்குப் படுகிறது. இதை விவாதிக்கலாம். ஆனால் விவாதிக்கப் படித்திருக்க வேண்டுமல்லவா?

2014இல் வந்த தொகுப்பின் தலைப்பை மட்டும் தமிழாக்கிப் பாருங்கள். அதில் 'போகுரா' என்றொரு சொல். 'போகு' பெரும்பாலும் ஆண்பிள்ளைகள் சொல்லும் 'நான்'; 'போகுரா' அதன் பன்மை. தமிழில் அந்த ஆண்சாயல் மறைந்துவிடும். போதாததற்கு, ஜப்பானியம் கேட்காத ஒரு கேள்வியைத் தமிழ் கேட்கும்: நாமா, நாங்களா? சாகக்கூடிய அந்த வகையினருள் வாசகரும் உண்டா, இல்லையா? நான்கு மாதமாக இந்த ஒரு சொல்லில் நிற்கிறேன். 'நாம்' என்று எழுதி, அடித்துவிட்டு, மறுபடியும் 'நாம்' என்றே எழுதியிருக்கிறேன்.