கேட்டரா? பேண்டரா?

'கேட்டர் டு', 'பேண்டர் டு' ரெண்டும் ஒண்ணுதான்னு நம்ம ஐடி மக்கள்ல சிலர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. சமீபத்துல ரிவ்யூவுக்கு வந்த ஒரு ப்ரபோசல்ல, "வாடிக்கையாளரின் எல்லாத் தேவைகளுக்கும் பேண்டர் செய்வோம்"னு ஆங்கிலத்துல ஒரு வரி. எழுதின தம்பிக்கு 'கேட்டர்' ரொம்ப சாதாரணமா தெரிஞ்சிருக்கு. தெசாரஸைத் திறந்துட்டார்.

கேட்டர், 'வாங்குதல்' என்ற பொருள் கொண்ட பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பெரிய வீடுகளுக்கு உணவுப் பொருள் வாங்கிப் போடுகிறவரைக் குறித்த சொல். நம்ம கல்யாண கேட்டரிங்கும் இதே குடும்பம்தான். மரியாதையான வேலை.

பேண்டர் கதையே வேற. ஹோமரின் இலியட்டில் பாண்டரஸ் ஒரு வில்லாளி. போர்நிறுத்தத்தை மீறி அம்பு விட்ட புண்ணியவான். 14-ஆம் நூற்றாண்டில் பொக்காச்சியோ இவரைக் காதல் தூதராக்கினார். பிறகு சாசரும் ஷேக்ஸ்பியரும் எழுதியபோது, ட்ராய் நகர இளவரசன் ட்ராய்லஸை ஒரு பெண்ணோடு சேர்த்து வைப்பது இவர்தான். உறவில் அந்தப் பெண்ணுக்கு அங்கிள். தமிழிலும் அந்த வேலைக்கு என்ன உறவுமுறைன்னு உங்களுக்கே தெரியும் :-)

இன்னிக்கு 'பேண்டர் டு' என்றால், ஒருத்தருடைய மோசமான ஆசைக்கோ, பலவீனத்துக்கோ, வெறுப்புக்கோ தெரிஞ்சே தீனி போடுவது. ஓட்டுக்காக சாதி உணர்வைத் தூண்டிவிடும் அரசியல்வாதி செய்வது இதுதான். பேரனுக்கு தாத்தா செல்லம் கொடுப்பது இதுல சேராது. அதுல பாசம் இருக்கு, இதுல வெறும் கணக்கு.

என்னைக் கேட்டா, தம்பி போட்ட வார்த்தை தப்பு, ஆனா நம்ம தொழிலைச் சரியாத்தான் சொல்லியிருக்கு. ஆறு மாச வேலையை மூணு மாசத்துல கேட்டா, "முடியும் சார்"னு தலையாட்டுறோம். அதுக்கு விலை, டீமோட சனி, ஞாயிறு. கடைசியில க்ளையண்ட் கையில கிடைப்பதும் அரைகுறை சாஃப்ட்வேர்தான். சேவைன்னு நாம பேர் வைச்சாலும், இது அவரோட அவசரத்துக்குப் போடுற தீனி.

ஜலதோஷத்துக்கு ஊசி கேட்டு அடம்பிடிக்கிறவர்கிட்ட, "வேணாம், ரெண்டு நாள்ல சரியாகும்"னு சொல்ற டாக்டர் கேட்டர் பண்றார். கேட்டதும் குத்தி அனுப்புறவர் பேண்டர் பண்றார். அகராதி இல்லாமலே கண்டுபிடிக்கலாம்: தேவைப்படும்போது 'முடியாது'ன்னு சொல்ல முடிஞ்சா அது கேட்டர்.

சொல்லவே முடியலைன்னா, நாமும் பாண்டரஸ் வம்சம்தான்.