ஒற்றை வரி வைத்தியர்களுக்கு

போன செமஸ்டர் லீவுக்கு திருவண்ணாமலையில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தை பையன் அப்போதான் பன்னிரண்டாவது முடிச்சிருந்தான். அவனுக்காக மாமா ஒரு பழைய கணினி வாங்கி வெச்சிருந்தார். செகண்ட் ஹேண்ட் சிபியூ, 18.5 அங்குல மானிட்டர், உள்ளே உபுண்டு. நான் செருப்பைக் கழட்டுறதுக்குள்ள கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனான்.

"அண்ணா, இதுல 'அடுத்து'ங்கிற பட்டனே தெரியலண்ணா."

கல்லூரி விண்ணப்பம். சான்றிதழ் ஏத்துறதுக்கு நடுவுல ஒரு பெட்டி மிதந்து வருது. அதோட கீழ்ப்பாதி திரைக்கு வெளியே. உருட்டவும் முடியலை. கன்ட்ரோல்-மைனஸ் அழுத்திச் சின்னதாக்கினா பட்டன் தெரியுது, எழுத்து தெரியலை. திரையின் ரெசல்யூஷன் 800×600. மானிட்டர் 1366×768 காட்டக்கூடியது. பையன் ரெண்டு தடவை பிரவுசிங் சென்டருக்கு நடந்து, காசு கொடுத்து விண்ணப்பத்தை முடிச்சிருக்கான். மாமாவுக்குக் கணினி வாங்கினதே தண்டம்னு கோபம். அத்தைக்கு, "இவன்தான் எதையோ நோண்டிக் கெடுத்துட்டான்." கொடுமை என்னன்னா, பையனே அதை நம்பிட்டான்.

அவன் நோண்டினது உண்மை. ஆனா நோண்டச் சொன்னது யாரு? இந்தப் பதிவு அவங்களுக்குத்தான்.

கதை இதுதான். ஆரம்பத்துல திரை 1024×768-ல இருந்திருக்கு. எழுத்தெல்லாம் அகலமா, கன்னம் வீங்கின மாதிரி. பையன் இணையத்துல தேடியிருக்கான். முதல் வைத்தியர்: "கிரப் கோப்புல நோமோட்செட்னு ஒரு வார்த்தை சேர், சரியாயிடும்." சேர்த்தான், 800×600 ஆச்சு. ரெண்டாவது வைத்தியர்: "விஜிஏ=791 போடு." போட்டான், ஒண்ணும் ஆகலை. மூணாவது வைத்தியர்: "பூட் அடைவுல இருக்கிற கிரப்.சிஎஃப்ஜி கோப்பைத் திறந்து நேரா மாத்து." நல்லவேளை, அந்தக் கோப்போட தலையிலேயே 'இதைத் திருத்தாதே'ன்னு பெரிய எழுத்துல இருக்கிறதைப் பார்த்துப் பயந்து மூடிட்டான். நாலாவது வைத்தியர் வழக்கம்போல: "ஃபார்மட் பண்ணிட்டு வேற போடு தம்பி."

நாலு பேர்ல ஒருத்தர்கூட "உன் மானிட்டர் எந்த கேபிள்ல மாட்டியிருக்கு?"ன்னு கேக்கலை. நாலு பேர்ல ஒருத்தர்கூட அந்த வரி என்ன செய்யும்னு சொல்லலை.

நான் சொல்றேன். நோமோட்செட்ங்கிறது ரெசல்யூஷனைச் சரி பண்ற மருந்தே இல்லை. லினக்ஸில் திரையோட அளவைத் தீர்மானிக்கிற வேலையைக் கெர்னலே எடுத்துக்கிச்சு. இன்டெல் சில்லுகளுக்கு இது 2009-ல், 2.6.29 பதிப்போட வந்தது. பிறகு மற்ற சில்லுகளுக்கும் வந்தது. "அந்த வேலையைச் செய்யாதே"ன்னு கெர்னலுக்குச் சொல்ற வார்த்தைதான் நோமோட்செட். அதைப் போட்டா கிராஃபிக்ஸ் சில்லுக்கான உண்மையான டிரைவர் ஓரமா உக்காந்துக்கும். பயாஸோ யூஈஎஃப்ஐயோ துவக்கத்துல கொடுத்த ஏதோ ஒரு அளவுல திரை உறைஞ்சு நிக்கும். வீடியோ ஓட்டினா எல்லாச் சுமையும் பிராசஸர் தலையில. திரை கறுப்பா நின்னு உள்ளேயே போக முடியாதவனுக்கு அது உயிர் காக்கிற வார்த்தை, மறுக்கலை. உள்ளே போய் சரியான டிரைவர் போட்டதும் எடுத்துடணும். கால் உடைஞ்சவனுக்குக் கட்டை கொடுக்கலாம். செருப்பு கடிக்குதுன்னு வந்தவனுக்கு ஏன்யா கட்டை?

விஜிஏ=791 இன்னும் வேடிக்கை. அது 1024×768, 16 பிட் நிறம் என்பதற்கான பழைய வெசா எண். அந்த எண் பட்டியல் சதுரப் பெட்டி மானிட்டர் காலத்தது. 640×480-ல தொடங்கி 1280×1024 வரைக்கும் போகும். 1366×768 அந்தப் பட்டியல்லயே கிடையாது. அதைப் போட்டா கிரப்பே 'இது பழைய முறை'ன்னு எச்சரிக்கும். உபுண்டு 2009 அக்டோபர்ல வந்த 9.10 பதிப்பிலேயே புது கிரப்புக்கு மாறிடுச்சு. வருஷம் இவ்வளவு ஓடின பிறகும் அதே வரியை ஒட்டிக்கிட்டு இருக்காங்க.

கிரப்.சிஎஃப்ஜி ஆலோசனைதான் ஆபத்தானது. அது கருவி உருவாக்கிற கோப்பு. அடுத்த கெர்னல் அப்டேட் வந்தா மறுபடியும் எழுதப்படும், நீங்க செஞ்ச மாற்றம் காணாமப் போகும். அதுக்கு முன்னாடி ஒரு அடைப்புக்குறி தவறினாலே கணினி துவங்காம மக்கர் பண்ணலாம். மாத்த வேண்டியது ஈடிசி அடைவுக்குள்ள, டீஃபால்ட் அடைவுல இருக்கிற கிரப் கோப்பை. மாத்தின பிறகு அப்டேட்-கிரப் கட்டளையை ஓட்டணும். இதைச் சொல்ல ரெண்டு வாக்கியம் ஆகுது. அந்த ரெண்டு வாக்கியத்துக்குத்தான் வைத்தியருக்கு நேரமில்லை.

சரி, நான் என்ன பண்ணேன்? முதல்ல எந்தக் கோப்பையும் தொடலை. கணினி துவங்கும்போது கிரப் மெனுவில் ஆங்கில 'ஈ' விசையை அழுத்தினேன். லினக்ஸ்னு தொடங்குற வரியிலிருந்து நோமோட்செட்டையும் 791-ஐயும் அழிச்சேன். எஃப்10 அழுத்தினேன். இப்படிச் செய்யிற மாற்றம் அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். தப்பாப் போனா மறுபடி துவக்கினாப் போதும், பழையபடி இருக்கும். திரை 1024×768-க்குத் திரும்பிச்சு.

அப்புறம் கெர்னல் மானிட்டரைப் பத்தி என்ன நினைச்சுக்கிட்டு இருக்குன்னு பார்த்தேன். ஒவ்வொரு மானிட்டரும் 'நான் இன்னார், இன்னின்ன அளவெல்லாம் காட்டுவேன்'னு ஒரு சின்னக் குறிப்பை கேபிள் வழியா அனுப்பும். அதுக்குப் பேர் ஈடிஐடி. அடிப்படை அளவு 128 பைட். சிஸ் அடைவுக்குள்ள டிஆர்எம் பகுதியில விஜிஏ-1-க்குக் கீழே அதைப் படிக்கலாம். படிச்சேன். ஒரு பைட்கூட வரலை. குறிப்பு கிடைக்கலைன்னா கெர்னல் 1024×768-க்கு மேல துணியாது. பாதுகாப்புக்காக அப்படி.

கவனிங்க, நோமோட்செட் இருந்தவரைக்கும் அந்த விஜிஏ-1 அடைவே அங்க கிடையாது. அதாவது அந்த வார்த்தை நோயைக் குணப்படுத்தலை. நோயைக் கண்டுபிடிக்கிற ஸ்டெதஸ்கோப்பையும் பிடுங்கி வெச்சுக்கிச்சு.

கேபிளைக் கழட்டிப் பார்த்தேன். விஜிஏ கேபிள்ல அந்தக் குறிப்பு போறது 12, 15-ஆம் ஊசிகள் வழியா. 12-ஆம் ஊசி வளைஞ்சு உள்ளே அமுங்கிக் கிடந்தது. நிறம் போற ஊசிகள் நல்லா இருந்ததால படம் வந்துக்கிட்டே இருந்திருக்கு. அதனாலதான் கேபிள் மேல யாருக்கும் சந்தேகம் வரலை. பக்கத்துத் தெருவுல ஒரு பழைய கேபிள் கேட்டு வாங்கி மாட்டினோம். 1366×768. பையன் முகத்தைப் பார்த்திருக்கணும் நீங்க.

கேபிள் கிடைக்காம இருந்திருந்தா? அப்பவும் பூட் அமைப்புல வழி உண்டு. கெர்னல் வரியில வீடியோ= போட்டு, விஜிஏ-1, முக்காற்புள்ளி, 1366x768, அட் குறி, 60-ன்னு எழுதினா அந்த அளவைக் கெர்னலே கணக்குப் போட்டு முயற்சி செய்யும். அதையும் முதல்ல 'ஈ' விசையில சோதிச்சுட்டு, சரியா வந்தா மட்டும் கோப்புல எழுதணும். ஆக, பூட் அமைப்பைத் தொடவே கூடாதுன்னு பூச்சாண்டி காட்டுறவங்களோடயும் எனக்கு உடன்பாடு இல்லை. அது நம்ம கணினி, நம்ம கோப்பு.

விண்டோஸ் நண்பர்கள் சிரிக்க வேண்டாம். எம்எஸ்கான்ஃபிக்ல பூட் பகுதியில 'பேஸ் வீடியோ'ன்னு ஒரு கட்டம் இருக்கு. யாரோ சொன்னாங்கன்னு அதை டிக் பண்ணிட்டு, திரை ஏன் இப்படி இளிக்குதுன்னு அழுதவங்க எங்க ஹாஸ்டல்லயே உண்டு.

இப்ப ஒரு கேள்வி வரும். "புதுசா வர்றவனுக்கு ஈடிஐடி பாடமெல்லாம் எதுக்கு? வேலை நடந்தாப் போதாதா? சும்மா உதவி செய்யிறவனைத் திட்டலாமா?" நியாயமான கேள்விதான். காசு வாங்காம ராத்திரி உக்காந்து பதில் எழுதுறவங்க இல்லைன்னா நானே லினக்ஸ் கத்துக்கிட்டிருக்க மாட்டேன். ஆனா இங்க வேலை நடக்கலையே! நடக்காதபோது, திரும்பி வர்ற வழி தெரியாம பையன் நட்டாத்துல நின்னான். பாடம் எடுக்கச் சொல்லலை. மூணே மூணு விஷயம் கேக்குறேன். இந்த வரி என்ன செய்யும், ஒரு வாக்கியத்துல சொல்லுங்க. தப்பாப் போனா எப்படித் திரும்புறது, அதைச் சொல்லுங்க. நிரந்தரமா எழுதுறதுக்கு முன்னாடி 'ஈ' விசையில ஒரு தடவை சோதிக்கச் சொல்லுங்க. இந்த மூணும் சொல்ல முடியலைன்னா, உங்களுக்கும் அந்த வரி புரியலைன்னு அர்த்தம். அப்போ சும்மா இருக்கிறதே பெரிய உதவி.

ஏன்னா கெட்டது ஒரு கோப்பு மட்டும் இல்லை. வீட்டுக்கு முதல் கணினி வந்த ஒரு பையன், "நான் தொட்டா கெட்டுடும்"னு முடிவு பண்ணிட்டான். கோப்பைப் பழையபடி மாத்த எனக்குப் பத்து நிமிஷம் ஆச்சு. அந்த முடிவை மாத்த ரெண்டு நாள் ஆச்சு. கிளம்புற அன்னைக்குக் காலையில அவனே 'ஈ' விசையை அழுத்தி, வீடியோ= வரியில 800x600 போட்டு வேணும்னே கெடுத்து, ரீஸ்டார்ட் பண்ணிச் சரியாக்கிக் காட்டினான்.

"பயமா இல்லையாடா?"ன்னு கேட்டேன்.

"ஒரு தடவைக்குத்தானேண்ணா"ன்னான்.

டிஸ்கி: வளைஞ்ச ஊசியை நிமிர்த்தப் போறவங்க மானிட்டரை ஆஃப் பண்ணிட்டு, கேபிளை ரெண்டு பக்கமும் கழட்டிட்டு நிமிர்த்துங்க. நான் நிமிர்த்தப் போய் அது ஒடிஞ்சே போச்சு.