ஆறு வரிதான், ஆனாலும் ஆண்டு போட வேண்டும்

பிள்ளைகளுக்கு ஒப்படை கொடுத்தால் விக்கிப்பீடியாக் கட்டுரையை முழுதாக வாசிப்பதில்லை. பக்கத்திலுள்ள தகவல் பெட்டியைப் பார்த்து எழுதிக்கொண்டு வருகிறார்கள். குறை சொல்லிப் பயனில்லை, பெரியவர்கள் நாமும் அப்படித்தான். ஆகவே அந்தப் பெட்டி சரியாக இருக்க வேண்டும்.

லங்கா பிரீமியர் லீக்கை எடுப்போம். 2020இல் ஐந்து அணிகளோடு தொடங்கியது. முதல் தொடரில் வென்றது ஜப்னா ஸ்டாலியன்ஸ். 2021, 2022, 2024இல் வென்றது ஜப்னா கிங்ஸ். ஊர் ஒன்று, பெயர் இரண்டு. "அதிக தடவை வென்ற அணி" என்ற இடத்தில் நான்கு என்று போடுவதா, மூன்று என்றா? கட்டுரைக்குக் கட்டுரை கணக்கு மாறினால் பிள்ளை எதை நம்பும்? "நடப்புச் சம்பியன்" என்று ஆண்டில்லாமல் எழுதினாலோ, அடுத்த தொடர் முடிந்ததும் அது பிழையாகிவிடும்.

எல்லா லீக் கட்டுரைகளுக்கும் ஒரே வரிசை வேண்டும் என்பதே எங்கள் கருத்து: விளையாட்டு, நாடு, தொடங்கிய ஆண்டு, அணிகளின் எண்ணிக்கை, கடைசியாக வென்ற அணி ஆண்டோடு, அதிக தடவை வென்ற அணி பழைய பெயர்களோடு. தெரியாததை வெறுமையாக விடலாம், ஊகித்து நிரப்பக் கூடாது. அனுசரணையாளர் விளம்பரத்துக்கு அங்கே இடமில்லை.

நமது ஊர்க் கழகங்களும் இதே வரிசையில் ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். முதல் தொடர் எந்த வருடம் நடந்தது, யார் வென்றது என்று கேட்டால், இன்றைக்கு மூத்த வீரர்களின் ஞாபகம்தான் ஆதாரம். அவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வோம்.