இரும்புச்சத்து யார் தட்டில் இருக்கிறது?



மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, வைட்டமின், தாது உப்பு என்று வகுப்பில் எல்லோரும் சேர்ந்து சொன்னது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்தத் தாது உப்புகளில் ஒன்றான இரும்புச்சத்தைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். ஆண்பிள்ளைகள் கட்டாயம் படியுங்கள்.

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது இரண்டு பேரில் ஒருவருக்கு. "மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது", "எந்நேரமும் அசதியா இருக்கு" என்று வீட்டில் ஒரு பெண் சொன்னால், சோம்பல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது ரத்தக்குறைவாக இருக்கலாம்.

இரும்பு உடம்பில் என்ன செய்கிறது? ரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் இருந்துகொண்டு, நுரையீரலில் ஆக்சிஜனைப் பிடித்து உடம்பு முழுக்கக் கொண்டுபோகிறது. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள்தான் உயிரோடு இருக்கும். அது அழிந்ததும் அதிலிருக்கும் இரும்பை உடம்பு வீணாக்காது. பழைய பித்தளையை உருக்கிப் புதுப் பாத்திரம் வார்ப்பதுபோல, அதையே எடுத்துப் புது அணுக்களைச் செய்துகொள்ளும். அதனால் ஓர் ஆணுக்கு ஒரு நாளில் இழப்பாவது சுமார் 1 மில்லிகிராம்தான். பெண்களுக்கு மாதவிடாயில் ரத்தம் போவதால் இழப்பு கூடுதல். கர்ப்ப காலத்தில் குழந்தைக்கும் சேர்த்துத் தேவைப்படுகிறது.

சாப்பிடும் இரும்பில் சிறு பங்குதான் ரத்தத்தில் சேரும். அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரையில் ஆணுக்கு நாளுக்கு 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29 மில்லிகிராம் என்று சொல்லியிருக்கிறார்கள். பெண்ணுக்குத் தேவை ஒன்றரை மடங்கு.

இப்போது நம் வீட்டுச் சாப்பாட்டைப் பாருங்கள். நன்றாக உடம்பில் சேரும் இரும்பு ஈரல், சுவரொட்டி, கறி, மீன் இவற்றில் இருக்கிறது. ஆண்களும் பிள்ளைகளும் முதலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கடைசியில் உட்காரும் பெண்ணுக்குக் குழம்பும் ஒரு எலும்பும் மிஞ்சுகின்றன. யாருக்கு அதிகம் வேண்டுமோ அவருக்குக் குறைவாகக் கிடைக்கிறது. ரத்தசோகையை மாத்திரையால் மட்டும் தீர்த்துவிட முடியாது, பந்தி வரிசையும் மாற வேண்டும் என்பது என் கருத்து.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். கீரை, பயறு, கேழ்வரகு, கம்பு, எள் எல்லாவற்றிலும் இரும்பு உண்டு. ஆனால் அது உடம்பில் சேர்வதற்குத் துணை தேவை. அந்தத் துணை வைட்டமின் சி. பருப்பை இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் வீணாகும். சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாப்பழமோ போதும். பயறை முளைகட்டினாலும், மாவைப் புளிக்க வைத்தாலும் இரும்பைத் தடுக்கும் பொருள்கள் குறையும். நம் பாட்டிமார் செய்த வேலைதான் இது.

சாப்பிட்ட கையோடு டீ, காபி குடிக்கும் பழக்கத்தை விடுங்கள். அவற்றில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். டீயே வேண்டாம் என்று சொல்லவில்லை, சொன்னாலும் நீங்கள் கேட்க மாட்டீர்கள்!

இன்னொன்று. பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நம்புகிறோம். அந்தச் சிவப்பு அவற்றின் நிறமி, இரும்பு அல்ல. அவற்றில் உள்ள இரும்பு மிகக் குறைவு. நல்ல உணவுதான், தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் ரத்தசோகைக்கு அதையே மருந்தாக நம்பி மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். இரண்டு பேரீச்சம்பழமும் அப்படித்தான்.

ரத்தசோகை வந்துவிட்ட பிறகு சாப்பாடு மட்டும் போதாது. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழ் இருந்தால் ரத்தசோகை; கர்ப்பிணிக்கு 11. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். டாக்டர் மாத்திரை தந்தால் "சூடு" என்று அலமாரியில் வைக்காதீர்கள். மலம் கறுப்பாகப் போவது அந்த மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம். பாலோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்து விழுங்காதீர்கள். பி12, ஃபோலிக் அமிலக் குறைவாலும் கொக்கிப்புழுவாலும்கூட ரத்தம் குறையும். அதனால் கடையில் நீங்களே டானிக் வாங்கிக் குடிக்காமல் சோதித்துப் பாருங்கள். ஆண்களுக்கும் வயதானவர்களுக்கும் குறைந்தால் உள்ளே எங்காவது ரத்தக்கசிவு இருக்கலாம். உடனே டாக்டரிடம் போங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஈரல் வறுவலோ முருங்கைக்கீரைப் பொரியலோ, எது செய்தாலும் எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். முதல் கரண்டியை அம்மாவுக்கோ மனைவிக்கோ மகளுக்கோ வையுங்கள். "எனக்கு வேண்டாம், நீ சாப்பிடு" என்று சொல்வார்கள். கேட்காமல் வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்