இருபத்தெட்டு நாளில் முடிகிற மாதம்



ஷஅபான் 29 அன்று மாலை நாம் பிறை தேடுகிறோம். தென்படவில்லையெனில் மாதத்தை முப்பதாகப் பூர்த்தி செய்கிறோம். 28ஆம் நாள் மாலையில் எந்த ஊரிலும் எவரும் ரமளான் பிறையைத் தேடுவதில்லை. 28 நாளில் முடியும் மாதம் ஹிஜ்ரி நாட்காட்டியில் இல்லை. ஆங்கில நாட்காட்டியிலும் பிப்ரவரிக்கு மட்டுமே அந்தக் குறை உண்டு. ஆனால் கைப்பேசி நிறுவனங்களின் நாட்காட்டியில் ஆண்டு முழுவதும் அதுதான் மாதம்.

கணக்கு எளிது. 28 நாளுக்கு ஒருமுறை ரீசார்ஜ் செய்பவர் ஆண்டுக்குப் பதின்மூன்று முறை பணம் கட்டுகிறார். 199 ரூபாய்த் திட்டமென்றால் பன்னிரண்டு முறைக்கு 2,388 ரூபாய். பதின்மூன்று முறைக்கு 2,587 ரூபாய். ஐந்து கைப்பேசிகள் உள்ள வீட்டில், மாதக் கணக்குக்கு வெளியே 995 ரூபாய் போகிறது. 56, 84 என்று நீளும் திட்டங்களும் இதே 28இன் மடங்குகளே. பன்னிரண்டு 28களைக் கூட்டி, ஓராண்டு போலத் தோன்றும் 336 நாள் திட்டங்களையும் விற்றார்கள்.

குற்றாலத்தில் சாரல் காலத்தில் மங்குஸ்தான் விற்கும் சிறு வியாபாரியை நினைத்துப் பாருங்கள். அவருடைய தராசில் அரசு முத்திரை இருக்க வேண்டும். இல்லையெனில் எடையளவுச் சட்டப்படி அபராதம். முப்பது நாளை ஒரு கிலோவாகக் கொண்டால், இருபத்தெட்டு நாள் 933 கிராம். ஒரு கிலோ கேட்டவருக்கு 933 கிராம் நிறுத்துக் கொடுப்பவரை நாம் என்ன பெயரால் அழைப்போம்? அதையே நாடெங்கும் கோடிக்கணக்கானோருக்குச் செய்தால் அதற்குப் பெயர் ‘வணிக உத்தி’யாம்!

அளவையில் குறைப்பதை நம் மார்க்கம் சிறு குற்றமாகக் கருதவில்லை. குர்ஆனின் 83ஆம் அத்தியாயத்தின் பெயரே அளவில் குறைப்போரைச் சுட்டுவது. தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாகப் பெற்று, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைப்போருக்குக் கேடுதான் என்று அது தொடங்குகிறது. ஷுஐப் (அலை) அவர்கள் மத்யன் மக்களுக்கு ஏகத்துவத்தோடு சேர்த்து எடுத்துரைத்ததும் அளவையின் நேர்மையைத்தான்.

“28 நாள் என்று வெளிப்படையாகத்தானே போட்டிருக்கிறார்கள், நாமும் சம்மதித்துத்தானே வாங்குகிறோம்?” என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. சொல்லிவிட்டு விற்பதும் மறைத்து விற்பதும் ஒன்றல்ல. ஆயினும் இரண்டு விஷயங்களைச் சிந்திக்க வேண்டும். முதலாவது, கொடுக்கல் வாங்கலில் மக்களின் வழக்கத்துக்கு மதிப்பளிப்பது ஃபிக்ஹின் அறியப்பட்ட விதி. சம்பளம், வாடகை, பள்ளிக் கட்டணம் அனைத்தும் மாதக் கணக்கில் நடக்கும் நாட்டில், மாதத்துக்கு நெருக்கமாக, ஆனால் மாதமாகாத ஓர் அளவைத் தேர்ந்தெடுப்பதன் நோக்கம் என்ன? வாங்குபவர் ‘ஒரு மாதம்’ என்று எண்ணிக்கொள்வார் என்ற எதிர்பார்ப்பே அந்த வணிகத்தின் முதல். இரண்டாவது, சம்மதம் என்றால் மறுக்கவும் இடம் இருக்க வேண்டும். மூன்று பெரிய தனியார் நிறுவனங்களும் ஒரே 28ஐ நீட்டும்போது, எளியவரின் சம்மதம் வேறு வழியின்மையாகிவிடுகிறது.

இலாபம் ஈட்டுவதை நாம் குறை கூறவில்லை. வியாபாரத்தை அல்லாஹ் ஹலாலாக்கியிருக்கிறான். மதீனாவில் விலைவாசி உயர்ந்தபோது, விலையை நிர்ணயித்துத் தருமாறு தோழர்கள் கேட்டும் நபி (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. ஆனால் அதே நபியவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, உள்ளே ஈரம் இருக்கக் கண்டபோது வியாபாரியைக் கண்டிக்காமல் விடவில்லை. விலை ஏறலாம், இறங்கலாம். அளவும் தரமும் மட்டும் மறைவில் மாறக் கூடாது. நம் கோரிக்கையும் இதுவே. விலையை உயர்த்துவதாயின் வெளிப்படையாக உயர்த்துங்கள், மாதத்தைச் சுருக்காதீர்கள்.

விலையையும் அவர்கள் உயர்த்தாமல் இல்லை. 2016இல் இலவசம் என்ற அறிவிப்போடு ஒரு போட்டி தொடங்கியது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் முடங்கியபோது, எண்ணை மாற்றிக்கொள்ளத் தமிழகமெங்கும் மக்கள் தவித்ததை மறந்திருக்க மாட்டோம். போட்டியாளர்கள் குறைந்தபின் இலவசமும் போயிற்று. 2018 இறுதியில், இணைப்பைத் தக்கவைக்க 28 நாளுக்கு 35 ரூபாய் என்ற நிபந்தனையை ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் கொண்டுவந்தன. 2024 ஜூலையில் ஜியோ உட்பட மூன்று நிறுவனங்களும் அடுத்தடுத்து விலையை ஏற்றின. ஏர்டெல்லின் 179 ரூபாய்த் திட்டம் 199 ஆயிற்று. ஜியோவின் 155 ரூபாய்த் திட்டம் 189 ஆயிற்று.

இதன் சுமை எவர் தலையில் விழுகிறது? கடையநல்லூரிலும் வடகரையிலும் வளைகுடாவிலுள்ள மகனின் அழைப்புக்காகக் காத்திருக்கும் உம்மாவின் தலையில். அவருக்கு இணையம் பெரிதாகத் தேவையில்லை. ஆனால் வங்கியும் ஆதாரும் எரிவாயுப் பதிவும் அந்த ஓர் எண்ணில் கட்டப்பட்டிருக்கின்றன. கெடு தாண்டினால் அழைப்பு நிற்கும், பின்னர் ஓடிபியும் நிற்கும். பேரன் பக்கத்தில் இல்லையென்றால் காரணம்கூட அவருக்குப் புரிவதில்லை.

ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதை அறியாமல் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டமும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டமும் ஒன்றேனும் தர வேண்டுமென்று 2022 ஜனவரியில் ஆணையிட்டது. இணையம் இன்றி, பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம் வேண்டுமென்று 2024 டிசம்பரில் விதி செய்தது. வரவேற்கிறோம். ஆனால் ‘ஒன்றேனும்’ என்ற சொல்லே ஓட்டையாயிற்று. அந்த ஒன்றைப் பட்டியலின் மூலையில் வைத்துவிட்டு, 28ஐ முகப்பில் வைக்கிறார்கள். சந்தையில் ஒரு தராசு மட்டும் சரியாக இருந்தால் போதும் என்று எந்த ஆய்வாளராவது சொல்வாரா?

தொழில்நுட்பத்துக்கு நாம் எதிரிகள் அல்லர். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோவின் அலுவலகம் இயங்குகிறது. கிராமத்திலிருந்தே உலகத்துக்கு மென்பொருள் செய்யலாம் என்பதை நம் பிள்ளைகள் கண்ணால் காண்கிறார்கள். அத்தகைய பணிக்குப் போகும் பிள்ளைகளுக்கு நாம் ஒன்று சொல்லி அனுப்ப வேண்டும்: பயனரைக் குழப்பும் பொத்தானை வடிவமைப்பதும் தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டுவதும் ஒரே செயல்தான்.

நாம் செய்யக்கூடியவை உண்டு. வீட்டு முதியவர்களுக்குப் பேச்சுக்கு மட்டுமான திட்டத்தைத் தேடிப் போட்டுக் கொடுங்கள். மற்றவர்களுக்கு, கேட்டு வாங்க வேண்டியிருந்தாலும் மாதத் தேதித் திட்டத்தையே வாங்குங்கள். நாள் கணக்கால் விலையை வகுத்துப் பாருங்கள். குறையிருந்தால் முதலில் நிறுவனத்தின் புகார் மையத்திலும், அடுத்து அதன் மேல்முறையீட்டு அதிகாரியிடமும், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிவு செய்யுங்கள். தொலைத்தொடர்புக் குறைகளை நுகர்வோர் நீதிமன்றங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்துள்ளது. ஜமாஅத்துகள் தொழுகைக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்கி இவற்றை விளக்கினால், அதுவும் சமுதாயப் பணியே.

பிறருடைய தராசைக் கேள்வி கேட்கும் நாம் நமது கடைத் தராசையும் சரிபார்த்துக்கொள்வோம். குறைவாக அளப்பவர் பெரிய நிறுவனமாயினும் பெட்டிக்கடையாயினும் மறுமையின் விசாரணை ஒன்றுதான். அளவை நிறைவாக்குவோரில் அல்லாஹ் நம்மைச் சேர்ப்பானாக, ஆமீன்.