இரு வணிகர், ஒரே ஆலை

அயல்நாட்டில் பொருள் செய்வித்து இறக்குமதி செய்வோர், ஒருவரையே நம்பியிருத்தல் ஆபத்து என அறிவர். ஆதலின் இருவரிடம் வாங்குகின்றனர். அது போதாது என்பதே நம் கருத்து.

2011-ஆம் ஆண்டு அக்டோபரில் தாய்லாந்தில் பெருவெள்ளம் புகுந்தது. கணிப்பொறிகளுக்கான வன்தட்டுகளை உலகுக்கு மிகுதியாக அளித்துவந்த நாடு அது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் பாங் பா-இன் ஆலை நீரில் மூழ்கியது. போட்டியாளராகிய சீகேட்டின் ஆலைகளில் வெள்ளம் புகவில்லை. ஆயினும் அங்கும் உற்பத்தி குன்றிற்று. ஏன்? வன்தட்டைச் சுழற்றும் சிறு மோட்டார்களில் பெரும்பகுதியைச் செய்தது நிடெக் என்னும் ஒரே ஜப்பானிய நிறுவனம். அதன் தாய்லாந்து ஆலைகளும், வேறு உறுப்புகள் செய்வோர் சிலரின் ஆலைகளும் வெள்ளத்தில் அகப்பட்டிருந்தன. இருவரிடமும் வாங்குகிறோம் என்று நிம்மதியாயிருந்தோரும் கூடுதல் விலை கொடுத்துக் காத்திருக்க நேர்ந்தது.

நம் சங்கங்களைத் தணிக்கை செய்கையிலும் இதனைக் கண்டுள்ளோம்: நூலுக்கு வணிகர் இருவர், இருவர்க்கும் நூற்பாலை ஒன்றே!

ஆகவே, விற்பவர் தமக்கு வேண்டிய உறுப்புகளை எங்கிருந்து பெறுகின்றனர் என்பதையும் இறக்குமதியாளர் எழுதிக் கேட்டுப் பெறல் வேண்டும். வேறு நாட்டிலுள்ள ஆலைக்குச் சிறு பங்கேனும் ஆண்டுதோறும் ஆர்டர் கொடுத்துவரல் நன்று; இடர் வந்தபின் போய் நிற்கும் புதியவரை எவரும் கவனியார். விலை சற்றுக் கூடும்தான். அதனை இன்ஷூரன்ஸ் கட்டணம் போலச் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.